எட்டு இலையில் ஒன்றை மறந்தால்...

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா. ஊரே தீச்சட்டி, ராட்டினம் என்று பரபரப்பாக இருக்க, பெங்களூரிலிருந்து வந்திருந்த என் நண்பன் மட்டும் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான்.

"டேய், தேர் பார்க்க வரலையா?"

"இருடா, எட்டு சர்வர்ல புது வெர்ஷன் ஏத்தணும். ஆறு முடிஞ்சிருச்சு... இல்ல, அஞ்சா?"

அந்த 'ஆறா, அஞ்சா' சந்தேகம் எவ்வளவு ஆபத்தானது தெரியுமா?

2012 ஆகஸ்ட் 1. அமெரிக்கப் பங்குச்சந்தையில் பெரிய அளவில் வர்த்தகம் செய்த நிறுவனம் நைட் கேப்பிட்டல். அதற்கும் எட்டு சர்வர்கள்தான். புதிய புரோகிராமை ஏற்றிய ஊழியர் ஒரு சர்வரை விட்டுவிட்டார். சந்தை திறந்ததும் அந்த ஒன்றிலிருந்த பழைய புரோகிராம் விழித்துக்கொண்டு, பங்குகளை இஷ்டத்துக்கு வாங்கி விற்றது. சுமார் 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம்! ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான விதியே அங்கு இல்லை என்பது விசாரணையில் தெரியவந்தது.

இதைத் தவிர்ப்பது எப்படி? நம்ம ஊர் கட்டுச்சோறை நினைத்துக்கொள்ளுங்கள். சோறு, துவையல், உப்பு எல்லாம் ஒரே பொட்டலத்தில். எங்கே பிரித்தாலும் அதே ருசி. ஒரு வெப்சைட்டையும் அது ஓடத் தேவையான அத்தனையையும் அப்படிக் கட்டித் தருவதுதான் 'கன்டெய்னர்'. இதைப் பிரபலமாக்கிய டாக்கர் முதன்முதலில் பலர் கண்ணில் பட்டது, 2013 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த பைத்தான் மாநாட்டில்தான்.

பொட்டலம் தயார். யார் பரிமாறுவது? எந்தெந்த சர்வர், எந்த வெர்ஷன், எத்தனை கன்டெய்னர் என்று ஒரு சின்ன கோப்பில் எழுதிவைக்க வேண்டும். மளிகை லிஸ்ட் மாதிரிதான். பைத்தான் புரோகிராம் அதைப் படித்து, ஒவ்வொரு சர்வராகப் போய்ப் பழையதை நிறுத்தி, புதியதை ஓடவிட்டு, 'பக்கம் திறக்கிறதா?' என்று பார்க்கும். திறக்கவில்லையா? பழையதையே திரும்ப வைத்துவிட்டு நமக்குத் தகவல் சொல்லும். 2012-ல் வந்த 'ஆன்சிபிள்', இந்த வேலைக்கென்றே பைத்தானில் எழுதப்பட்ட இலவசக் கருவி. ஒரே எச்சரிக்கை: பாஸ்வேர்டை மட்டும் அந்தக் கோப்பில் எழுதாதீர்கள்.

இயந்திரம் மறக்காது, சரி. ஆனால், தப்பைக் கொடுத்தால் அதையும் எல்லா இலைக்கும் வேகமாகப் பரிமாறிவிடும். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம்ம விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். அதனால், முதலில் ஒரே ஒரு சர்வரில் போட்டு ருசி பார்த்துவிட்டு, அப்புறம் பந்தி முழுக்கப் பரிமாறுவதே நல்லது.

நண்பன் அன்று முதலாவது சர்வரிலிருந்து மறுபடி சரிபார்த்து முடிப்பதற்குள் தேர் கிளம்பிவிட்டது. மறுநாள் காலையில் முதல் வேலையாக எட்டு சர்வர்களின் பெயரையும் ஒரு கோப்பில் எழுதினான்.

கம்ப்யூட்டர் வேலைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் இது பொருந்தும். கேஸ் கனெக்‌ஷன் நம்பர், இன்ஷூரன்ஸ் கட்டும் தேதி என அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மட்டுமே தெரிந்த விஷயங்கள் உங்கள் வீட்டில் எத்தனை? இன்றே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்!