நடவு வயலுக்கு ஒரு நடமாடும் மறைப்பு

நடவு நடக்கும் வயலில் காலை பதினொரு மணிக்குக் குடிநீர்க் குடத்தை எட்டிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பத்துப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருப்பார்கள். வெயில் முதுகைச் சுடும். வரப்பில் வைத்த குடமோ முக்கால் பங்கு அப்படியே இருக்கும். வயல்காரர் மேல் குறை சொல்வதற்கில்லை. விடியும்போதே நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டார். "ஏம்மா, தண்ணி குடிக்கலையா?" என்று கேட்டால், கூட்டத்தில் மூத்தவர் நிமிராமலே பதில் சொல்வார்: "குடிச்சுப்புட்டு எங்கேங்க போறது?"

இந்தக் கேள்விக்குத் தமிழக வேளாண்மை இன்னும் விடை சொல்லவில்லை. விதை, உரம், பூச்சி மருந்து, இயந்திரம் என எத்தனையோ பரிந்துரைகள் வயலுக்கு வந்துவிட்டன. அந்த வயலில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணுக்குச் சிறுநீர் கழிக்க ஓர் இடம் வேண்டும் என்பது மட்டும் எந்தச் சாகுபடிக் குறிப்பிலும் இடம் பெறவில்லை. வயலுக்குக் கழிப்பறை கட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் வேலை நடக்கும் இடத்திற்குத் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு மறைப்பை அமைக்க முடியும். அது வயல்காரரின் பொறுப்பு.

மறைவிடங்கள் போன கதை

முன்பெல்லாம் வயலோரத்தில் உயிர்வேலி இருந்தது. கிளுவையும் ஆடாதொடையும் கள்ளியும் ஆள் உயரத்திற்கு நின்றன. ஓடைக்கரையில் தாழம்புதர், பனங்கூட்டம், கரும்புக்காடு என ஒதுங்க இடம் இருந்தது. அதுவும் வசதியல்ல, பாம்பும் முள்ளும் உள்ள இடந்தான். ஆயினும் மறைவு இருந்தது. இன்று பல ஊர்களில் உயிர்வேலி போய்க் கம்பிவேலி வந்துவிட்டது. வயலை ஒட்டிச் சாலை போகிறது, மனைக்கட்டுகள் எழும்புகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. ஆண் ஒருவர் திரும்பி நின்றால் போதும். பெண்ணுக்கு அது இயலாது.

2014ஆம் ஆண்டு தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தால் ஊர்ப்புறத்தில் ஏராளமான வீடுகளுக்குக் கழிப்பறை வந்தது. அது வீட்டில் இருக்கிறது. நடவாள் நிற்பது வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, பெரும்பாலும் வேற்றூர் வயலில். கழிப்பறை இருந்தும் அதை எட்ட முடியாதவர் பட்டியலில் முதலில் எழுத வேண்டிய பெயர் அவருடையது.

உடல் படும் பாடு

விடியலில் வீட்டைவிட்டுப் புறப்படும் பெண் அப்போதே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார். வயலில் வியர்வையாக நீர் வெளியேறுகிறது. அதற்கு ஈடு செய்யப்படுவதில்லை. சிறுநீர் குறைந்து, கெட்டிப்பட்டு, மஞ்சளாகி எரிச்சல் தருகிறது. பெண்களுக்குச் சிறுநீர்த்தாரை ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ளதால் கிருமிகள் எளிதில் பைக்குள் ஏறிவிடுகின்றன. அடிக்கடி சிறுநீர் கழிப்பதே அவற்றைக் கழுவி வெளியேற்றும் இயற்கை வழி. அதை அடக்கும்போது கிருமி பெருகுகிறது. கர்ப்பிணிகளுக்கு இத்தொற்று முற்றினால் குறைப்பிரசவம் வரை கொண்டுபோய் விடும். போதிய நீர் அருந்தாமல் வெயிலில் உழைப்பவருக்குச் சிறுநீரகக் கல்லும் வெப்ப மயக்கமும் வருவது எளிது.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வெப்பம் மிகுந்த பணியிடங்களில் உழைக்கும் பெண்களைப் பற்றி 2016ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிட்டனர். கழிப்பறை வசதி போதாத இடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பதும், சிறுநீர்ப் பாதைத் தொல்லைகளுக்கு ஆளாவதும் அதில் பதிவாகியுள்ளன. வயலுக்கும் இது பொருந்தும். மாதவிலக்கு நாட்களில் படும் துன்பம் தனி. அந்நாட்களில் வேலைக்கு வராமல் நின்றுவிட்டால் கூலி போகிறது. வந்தால் மாலை வரை துணி மாற்ற வழியில்லை.

சட்டம் தாண்டிப் போன வயல்

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தேயிலை, காப்பித் தோட்டங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கழிப்பிடம் அமைக்க வேண்டும் என்று வகுத்தது. நெல் வயலுக்கும் நிலக்கடலைக் காட்டுக்கும் அத்தகைய விதி வரவில்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலைத்தளத்தில் குடிநீர், குழந்தைகளுக்கு நிழல், ஓய்வு நேரம், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை வைக்கச் சொன்னது. குடித்த நீர் எங்கே போவது என்பதை அது நினைக்கவில்லை.

இது முடியாத காரியம் அல்ல என்பதற்கு வெளிநாட்டு அனுபவம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு வந்த விதிப்படி, பதினொரு பேருக்கு மேற்பட்டோ அதற்குச் சமமாகவோ கைவேலை ஆட்களை வயலில் அமர்த்தும் பண்ணை, இருபது பேருக்கு ஒன்று வீதம் கழிப்பறையும் கைகழுவும் வசதியும் தர வேண்டும். அது தொழிலாளர் நிற்கும் இடத்திலிருந்து கால் மைல் நடைக்குள் இருக்க வேண்டும். அங்கே வண்டியில் பூட்டிய கழிப்பறை வயலோடு வயலாக நகர்ந்து செல்கிறது. தமிழ்நாட்டுச் சிறு விவசாயிக்கு அந்த வண்டி தேவையில்லை. அதிலுள்ள கருத்து போதும்.

அமைப்பது எப்படி?

நான்கு மூங்கில் கழிகள், ஆறடி உயரத்திற்கு மறைப்பு, நாலடிக்கு நாலடி இடம். இவ்வளவுதான் அறை. மறைப்புக்குத் தார்ப்பாய் நல்லது. உரச்சாக்குகளைப் பிரித்துக் கழுவித் தைத்தும் பயன்படுத்தலாம். ஒற்றை நிழல்வலை கூடாது. அது உள்ளிருப்பவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆடிக்காற்றுக்கு நான்கு முளை அடித்துக் கயிறு கட்ட வேண்டும். வாசல் பாதையையும் பக்கத்து வயலையும் பாராத திசையில் இருக்கட்டும். கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் விலகிய மேட்டுப்பகுதியில் அமைப்பது நலம்.

உள்ளே குந்த விரும்புவோருக்கு இரண்டு செங்கல் மிதிகள். நடுவில் புனல் போல் துளையிட்ட ஓர் அகலத் தட்டு. அதிலிருந்து ஒரு குழாய், வரப்புச் சரிவில் தாழ வைத்த 20 லிட்டர் கேனுக்குள் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும், இருக்கையில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலியின் அடியில் மூடியுள்ள வாளி ஒன்று போதும். பத்துப் பெண்கள் இரண்டு முறை, முறைக்குக் கால் லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 5 லிட்டர்தான். கழுவும் நீரும் சேர்ந்தால் கேன் விரைவில் நிறையும். ஆகவே தினமும் மாலையில் காலி செய்வதே முறை. பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், குவளை, சோப்பு, மாதவிலக்குத் துணிகளுக்கு மூடியுள்ள டப்பா ஆகியவை கட்டாயம். கை கழுவும் வசதி வந்தால் மதியச் சோறும் சுத்தமாகும். பறிக்கும் காய்கறியும் சுத்தமாகும்.

எங்கே வைப்பது என்பதை அப்பெண்களிடமே கேட்க வேண்டும். ஆண்கள் தீர்மானித்து வைத்த இடத்தில் அது பயன்படாமல் நிற்கும். வைத்த பிறகு அந்தப் பக்க வரப்பில் ஆண்கள் நடமாடக் கூடாது என்ற கட்டுப்பாடும் வேண்டும்.

கேனை யார் எடுப்பது?

திட்டம் இந்த இடத்தில்தான் இடறும். கேனை எடுத்துக் கொட்டும் வேலையைக் கூட்டத்தில் மிக எளியவர் யாரோ, அவர் தலையில் கட்டிவிடுவது நாட்டு வழக்கம். அது நடந்தால் இந்த மறைப்பு வராமலே இருப்பது மேல். ஒரு துன்பத்தைப் போக்க வந்தது இன்னோர் இழிவாகிவிடும். கேனை எடுக்க வேண்டியவர் வயல்காரர் அல்லது அவர் வீட்டார். பஞ்சகவ்யம் தயாரிக்கக் கோமியத்தைக் கையால் அள்ளத் தயங்காதவர்கள் மூடிய கேனைத் தூக்கக் கூச வேண்டியதில்லை.

எடுத்ததை வீணாக்கவும் வேண்டாம். சிறுநீரில் தழைச்சத்து மிகுதி. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் ஓரளவு உண்டு. பெங்களூரு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மக்காச்சோளம் முதலிய பயிர்களுக்கு இது உரமாகச் சோதிக்கப்பட்டுள்ளது. திருச்சி மாவட்டம் முசிறியில், சிறுநீரைத் தனியே பிரிக்கும் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தியவர்களுக்கே சிறுதொகை கொடுக்கப்பட்டது பலரும் அறிந்த செய்தி. கேனை இறுக மூடி ஒரு மாதத்திற்குக் குறையாமல் வைத்திருந்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, இலையில் படாமல் வேர்ப்பகுதி மண்ணில் ஊற்றி மண் அணைக்கலாம். தென்னை, வாழைக்கு ஏற்றது. பச்சையாக உண்ணும் கீரை, காய்களுக்கும், உவர் நிலத்திற்கும் வேண்டாம். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

ஆனால் கணக்கு நேர்மையாக இருக்கட்டும். நீர் கலவாத 20 லிட்டர் கேனில் உள்ள தழைச்சத்து ஏறக்குறைய கால் கிலோ யூரியாவுக்கு மேல் போகாது. உரத்திற்காக இந்த மறைப்பு அல்ல, உழைப்பவருக்காகவே. உரம் கூடுதல் பயன்.

செலவும் தயக்கமும்

"நாலு நாள் நடவுக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நடவு நாலு நாள்தான். அதன்பின் களையெடுப்பு, அடுத்த வயல், அடுத்த பட்டம் என அப்பெண்களுக்கு ஆண்டு முழுதும் வேலை. மேற்சொன்ன பொருள்களின் விலை ஒரு கைத்தெளிப்பானின் விலையைத் தாண்டாது. அதுவும் தனியாக வாங்க வேண்டியதில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், கருவிகளை வாடகைக்கு விடும் மையங்களும் விதைப்புக் கருவி, களையெடுக்கும் கருவியோடு இதையும் வைத்திருக்கலாம். ஊருக்கு நான்கைந்து இருந்தால் முறை வைத்துச் சுற்றிவரும். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற குறை எங்கும் கேட்கிறது. மதிப்போடு நடத்தும் வயலைத் தேடி ஆட்கள் வருவார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எட்ட முடியாமை வயலில் மட்டும் இல்லை. தோட்டத்து வீட்டில் கழிப்பறை பெரும்பாலும் கொல்லைக் கோடியில் இருக்கிறது. பக்கவாதம் வந்த பெரியவரும் முழங்கால் தேய்ந்த பாட்டியும் இரவில் இருட்டில் அங்கே போய் விழுகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் பலர் மீண்டும் எழுந்து நடப்பதில்லை. ஆண்களுக்கு மூடியுள்ள சிறுநீர்க் குடுவை, பெண்களுக்கு அகன்ற வாயுள்ள கலம் ஆகியன மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கட்டிலருகே வைத்து, காலையில் சோப்பு நீரால் கழுவி வெயிலில் காய வைத்தால் போதும். பெரியவர்களும் வயல் பெண்களைப் போலவே மாலையிலிருந்து தண்ணீரை ஒதுக்கிவிடுகிறார்கள். குடுவை அருகில் இருந்தால் அந்த அச்சம் நீங்கும்.

வேளாண்மை விரிவாக்கப் பணியாளர்கள் வரும் பட்டத்தில் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு செயல்விளக்க வயலிலாவது இம்மறைப்பை நிறுத்திக் காட்ட வேண்டும். அது பயன்படுகிறதா என்று அறிய ஆய்வுக் கருவி எதுவும் வேண்டாம். மாலையில் குடிநீர்க் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும். குடம் காலியாக இருந்தால் அந்த வயலில் நடவு நன்றாக நடந்தது என்று பொருள்.