டிக்கெட் கேட்டால் ஜாதகம் கேட்கிறார்கள்

டிக்கெட் கொடுத்துப் பிழைத்தவன் நான். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏறுகிறவரிடம் நான் கேட்டதெல்லாம் எங்கே போகணும், எத்தனை டிக்கெட், சில்லறை இருக்கா என்பதுதான். பெயரைக் கேட்டிருந்தால், "உனக்கெதுக்குய்யா அது?" என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

அதனால் கணக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் கட்டின் மேலே நிற்கும் எண்ணை இன்வாய்ஸில் குறிப்போம். எந்த ஸ்டேஜில் எத்தனை டிக்கெட் கிழிந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும். செக்கர் ஏறினாலும் டிக்கெட்டைத்தான் பார்ப்பார். ஊர் பேர் விசாரிக்க மாட்டார். எத்தனை பேர் போனார்கள் என்று டிப்போவுக்குத் தெரியும், யார் போனார்கள் என்று தெரியாது.

சமீபத்தில் பேத்தியை ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனேன். "கவுண்டர் கிடையாது சார், ஆப்ல போட்டுட்டு வாங்க" என்றார் வாசலில் நின்ற பையன். கையில் ரூபாய் நோட்டு இருக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. ஆப்பை இறக்கினால் செல் நம்பர், ஓடிபி, மெயில், பிறந்த தேதி. அப்புறம் நான் நிற்கும் இடத்தைப் பார்க்கலாமா, போனில் இருக்கும் நம்பர்களைப் பார்க்கலாமா என்று கேள்விக்கு மேல் கேள்வி. என் சம்பந்தியின் நம்பருக்கும் கண்காட்சிக்கும் என்ன சம்பந்தம்? பட்டன் போனோடு வந்திருந்த ஓர் அம்மா, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

ஆப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. சில்லறைச் சண்டையின் அருமை எனக்குத் தெரியாதா? ரயில்வேயின் யூடிஎஸ் ஆப்பும் இருப்பிடம் கேட்டது. ஆனால் அதற்குக் காரணம் இருந்தது: ரயிலேறியபின் பரிசோதகர் தலையைக் கண்டு டிக்கெட் போடக் கூடாதல்லவா? அந்த ஆப் வந்ததற்காக ஸ்டேஷன் கவுண்டர்களை இழுத்து மூடவும் இல்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017-ல் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் சுதந்திரமாகவும் நிபந்தனையின்றியும் தரப்பட வேண்டும் என்கிறது. சட்டமே ஓர் உதாரணமும் சொல்கிறது: மருத்துவ ஆலோசனை தரும் ஆப்புக்குப் போனில் உள்ள தொடர்பு எண்கள் தேவையில்லை, ஒருவர் சரியென்று தட்டிவிட்டாலும் அந்த ஒப்புதல் அதுவரை நீளாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியப் பிரிவுகள் அமலாக 18 மாத அவகாசம் வேறு.

வேறு வழியே வைக்காமல் 'சம்மதம்' என்று தட்ட வைத்தால், அது என்ன சுதந்திரமான ஒப்புதல்? கவுண்டர் ஒன்று திறந்திருந்தால்தான் ஆப்பில் வாங்குகிறவர் மனமொப்பி வாங்குகிறார் என்று சொல்ல முடியும். ஆகவே கண்காட்சிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் அனுமதி தரும் அதிகாரிகள் இரண்டு நிபந்தனை போடட்டும்: காசு வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்க ஒரு கவுண்டர் இருக்க வேண்டும், ஆப்பில் வாங்குகிறவரிடம் டிக்கெட் அனுப்புவதற்கான நம்பருக்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது. அனுமதிக் கடிதத்தில் இதற்கு இரண்டு வரி போதும்.