உலர்தாளும் கடலடிக் கமராவும்

கடற்புல்லைப் பிடுங்கி, உலர்த்தி, தாளில் ஒட்டிப் பெயரெழுதியதும் ஆய்வு முற்றிற்று எனக் கருதுவோர் இன்னும் உளர். இனங்காண்பதற்கு அம்முறை வேண்டியதே. ஹலோடியூல் இனங்களை இலைநுனி பாராது பிரித்தறிதல் அரிது. ஆயின் ஒட்டிய இலை, தான் வளர்ந்த படுக்கை அடர்ந்ததா அழிந்ததா என்று கூறாது. பிரான்சின் பன்யூல்ஸ் கடலடியில் லூயி பூத்தான் படம்பிடித்தது 1893 இல். அதன் பின்னும் இத்தயக்கம் ஏன்?

இதனால் நேரும் இழப்புச் சிறிதன்று. இலங்கை 2017 இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. பாக்கு நீரிணையில் மடி உழுத கடற்புற்படுக்கை மீள்கின்றதா என்பதை, அரை மீற்றர்ச் சதுரச் சட்டமிட்டு ஒரே இடத்தை ஆண்டுதோறும் படம்பிடிக்காமல் எவர் நிறுவுவார்? கலங்கிய நீரிற் படம் தெளியாது என்பர். வாடை ஓய்ந்து, கடல் அடங்கிக் கிடக்கும் பங்குனியில் இறங்குவதற்கு எது தடை?