நண்டுதானே என்று விட்டுவிட முடியுமா?



பெருநாள் லீவு முடிந்து பாடசாலை திறந்தால் வகுப்புக்கு ஒரு போத்தலாவது வந்து சேர்கிறது. உள்ளே கொஞ்சம் கடல் தண்ணி, நாலைந்து சங்கு நண்டு. மூன்றாம் நாள் போத்தல் நாறும். நாலாம் நாள் குப்பைக்குப் போகும். அடுத்த பெருநாளைக்கு வேறு நண்டு. பெரியவர்கள் நாம் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறோமே, அதுதான் பொறுக்கவில்லை.

"நண்டுதானே சேர், நாம ஆணம் ஆக்கித் தின்கிறோமே" என்பார்கள். உணவுக்கு எடுப்பது வேறு. வேடிக்கை பார்க்க அடைத்துவைத்து, மூன்று நாளாக மூச்சுமுட்டிச் சாகவிடுவது வேறு. பூனையைக் கட்டிவைத்து, தீனும் கொடுக்காமல், இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸை மத்ரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அது பூனைக்கு மட்டும்தானா?

வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறுவர் அபூ உமைர் குருவி வைத்திருந்ததை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. வளர்ப்பதென்றால் அறிந்து வளருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதலில், எந்த நண்டு என்று பாருங்கள். இரவில் மணலில் ஓடித் திரிவது தரையில் வாழும் இனம். அதைத் தண்ணிக்குள் அமிழ்த்தி வைத்தால் செத்துவிடும். பாறை இடுக்கில் கடல் நீருக்குள் இருப்பது வேறு இனம். அதை வெளியே வைத்தால் சாகும். நம் பிள்ளைகள் இரண்டையும் ஒரே போத்தலில் போடுகிறார்கள்.

அடுத்தது தண்ணி. கடல் நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. அதில் மக்னீசியம், கல்சியம் எல்லாம் அடங்கும். குசினி உப்பைக் கரைத்து ஊற்றினால் அது கடலாகிவிடாது. பைப் தண்ணியில் குளோரின் இருக்கும். தொட்டி வற்றும்போது ஆவியாவது தண்ணி மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்குக் குளோரின் நீக்கிய நல்ல தண்ணிதான் ஊற்ற வேண்டும். திரும்பத் திரும்பக் கடல் தண்ணியை ஊற்றுகிறவர் நண்டை ஊறுகாய் போடுகிறார்.

பிறகு பொறுமை. கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனிலிருந்தும் அமோனியா உண்டாகும். அதை மாற்றுகிற பக்டீரியா தொட்டியில் பெருக ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். காலையில் தொட்டி வாங்கி மாலையில் நண்டு போட்டால் அது தன் நஞ்சிலேயே சாகும். மீனின் வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஊற்றும் செம்பு கலந்த மருந்தும் நண்டைக் கொல்லும். விற்கிற கடைக்காரர் இதில் ஒன்றையாவது சொல்கிறாரா? அவர் விற்பது பண்ணையில் பொரித்ததுமல்ல. அநேகமாக எல்லாமே கடலில் பிடித்து வந்தவை.

கடைசியாக வீடு. இந்த நண்டின் வயிறு மெத்தென்றது, சங்கு இல்லாவிட்டால் பிழைக்காது. வளர வளரத் தோடு கழற்றும், பெரிய சங்கு தேடும். ஆகவே பல அளவில் வெற்றுச் சங்குகள் தொட்டியில் கிடக்க வேண்டும், சாயம் பூசியவை வேண்டாம். கழற்றிய தோடு செத்த நண்டு போலவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, உயிரோடு ஒளிந்திருக்கும் நண்டையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறார்கள்.

ஷோகேசுக்கென்று சங்கு அள்ளுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தரையில் வாழும் சங்கு நண்டு இனங்கள் 16இல் 10 இனங்கள் போத்தல் மூடி போன்ற குப்பைக்குள் குடியிருப்பதை, மக்கள் எடுத்த படங்களைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நாமும் சங்கை எடுத்துக்கொண்டு மூடியைத்தானே விட்டுவிட்டு வருகிறோம்.

பெற்றாரே, பிள்ளைக்கு நண்டைக் காட்டுங்கள். கையில் வைத்துப் பார்க்கட்டும், பிறகு எடுத்த இடத்திலேயே விடட்டும். ஆசிரிய நண்பர்களே, கண்காட்சிக்குத் தொட்டி வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே தயார் செய்யுங்கள். லீவு நாளில் அதற்குத் தீன் போடுவது யார் என்பதையும் முடிவெடுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் தொட்டியே வேண்டாம், படம் வரைந்து ஒட்டினால் போதும். மூன்று நாளில் சாகிற நண்டு பிள்ளைக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பதில்லை. உயிர் என்றால் பாவித்துவிட்டு வீசும் சாமான் என்றுதான் சொல்லிக் கொடுக்கிறது.