தரகர் இல்லாத சந்தை



சென்ற மாதம் பெண்களுக்கான வகுப்பு முடிந்ததும் ஒரு தாய் சிறு துண்டுக் காகிதத்தில் கேள்வியொன்றை எழுதி அனுப்பியிருந்தார். வீட்டில் அபாயாவும் சிறுபிள்ளைகளின் உடுப்பும் தைத்து, பேஸ்புக் வழியாக விற்று வருபவர் அவர். "கொமிஷன் இல்லாத, கம்பனியே இல்லாத இணையச் சந்தை ஒன்று இருக்கிறதாம். கிரிப்டோ நாணயத்தில்தான் கொடுக்கல் வாங்கலாம். என் வளையல்கள் இரண்டையும் விற்று அந்த நாணயத்தை வாங்கிக்கொண்டு சேரச் சொல்கிறார்கள். கூடுமா, மௌலவி?" என்று கேட்டிருந்தார்.

இதில் சந்தை வேறு, நாணயம் வேறு, வளையலை விற்கச் சொன்ன ஆள் வேறு. மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டி அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவிழ்த்துப் பார்ப்போம்.

முதலில் சந்தை. இணையத்தில் பெரும் தளங்கள் சும்மா இடம் தருவதில்லை. கைவேலைப் பொருட்களுக்குப் பேர்போன எட்ஸி என்ற அமெரிக்கத் தளம், விற்பனைக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. அப்போது விற்பனையாளர்கள் பலர் ஒரு வாரம் தங்கள் கடைகளை மூடி எதிர்ப்புக் காட்டினார்கள். இது போதாதென்று, தளத்தின் சொந்தக்காரர் நினைத்தால் ஒரே நாளில் உங்கள் கடையையே மூடிவிடலாம். இரவு கண் விழித்துத் தைப்பவளுக்கு இது சுமைதான், மறுப்பதற்கில்லை.

இந்தச் சுமையை இறக்கவென்று வந்ததுதான் 'ஓபன்பஸார்' என்பது. அதன் பிறப்பு அவ்வளவு நல்ல இடத்தில் அல்ல. போதைப் பொருள் விற்ற 'சில்க் ரோட்' என்ற மறைவுச் சந்தையை அமெரிக்க அதிகாரிகள் 2013 அக்டோபரில் மூடினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில், கனடாவின் டொரொன்டோ நகரில் நடந்த கணினிப் போட்டியொன்றில், அமீர் தாக்கி என்பவரும் அவருடைய தோழர்களும் எவராலும் மூட முடியாத சந்தையின் மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார்கள். பிரையன் ஹொஃப்மன் என்பவர் அதை எடுத்து, பெயரை மாற்றி, சாதாரணப் பொருட்களுக்கான பொதுச் சந்தையாக்க முயன்றார். 2016 ஏப்ரலில் அது பாவனைக்கு வந்தது.

அதன் ஏற்பாடு இதுதான். நடுவில் நின்று கட்டணம் வாங்கும் தளம் இல்லை. மென்பொருளை அவரவர் கணினியில் போட்டுக்கொண்டால் அந்தக் கணினியே அவரவர் கடை. வாங்குபவரின் கணினி விற்பவரின் கணினியோடு நேரே தொடர்பு கொள்ளும். இடவாடகை இல்லை, கொமிஷன் இல்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் முஸ்லிம்களுக்கென ஒரு சந்தை அமைத்து, அதில் வரி அறவிடக் கூடாதென்று ஏற்பாடு செய்தார்கள் என்ற அறிவிப்பு எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆனால் முகமறியாத இருவர் எப்படி ஒருவரையொருவர் நம்புவது? பிட்கொயினை ஒருமுறை அனுப்பிவிட்டால் திருப்பி எடுக்க முடியாது. இதற்கு அவர்கள் கண்ட வழி, மூன்று சாவிகள் உள்ள பெட்டி போன்றது. வாங்குபவரிடம் ஒரு சாவி, விற்பவரிடம் ஒன்று, இருவரும் ஒப்புக்கொண்ட நடுவரிடம் ஒன்று. எந்த இரண்டு சாவிகள் சேர்ந்தாலும் பெட்டி திறக்கும். பொருள் ஒழுங்காக வந்து சேர்ந்தால் இருவரும் திறந்து, பணம் விற்பவரிடம் போகும். தகராறு வந்தால் நடுவர் விசாரித்து, நியாயமுள்ளவர் பக்கம் தமது சாவியைப் போடுவார். தனியாக அவராலும் பணத்தை எடுக்க முடியாது.

நமது ஷாபிஈ பிக்ஹ் நூல்களில் அடைமானம் பற்றிய பாடத்தில் 'அத்ல்' என்றொருவர் வருவார். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் சம்மதித்து, அடகுப் பொருளை ஒப்படைத்து வைக்கும் நம்பிக்கையான மூன்றாமவர். மாணவர்கள் அந்த இடத்தை வேகமாகப் புரட்டிப் போவார்கள். கணினிக்காரர்கள் சுற்றி வளைத்து அவரிடமே வந்து நிற்கிறார்கள்! எனவே, அந்த ஏற்பாட்டில் மார்க்கத்துக்கு முரணானது எதையும் நான் காணவில்லை. தரகரை வெளியேற்றலாம், நம்பிக்கையாளரை வெளியேற்ற முடியாது. அந்த நடுவர் யார், அவர் நேர்மையானவரா என்பதை எந்த இயந்திரமும் சொல்லித் தராது.

சந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் உங்களுக்குத் தெரியும். உமர் (ரழி) அவர்கள் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரழி) என்ற, எழுதப் படிக்கத் தெரிந்த பெண்மணியிடம் சந்தை அலுவல் சிலவற்றை ஒப்படைத்ததாகச் சில நூல்கள் கூறுகின்றன. அதை ஏற்காத இமாம்களும் உண்டு. ஆனால் சந்தைக்கு ஒரு கண்காணிப்பு வேண்டும் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஓபன்பஸாரில் ஹராமான பொருளை ஒருவர் கடை விரித்தால் அந்தக் கடையை எடுத்துவிட எவராலும் முடியாது. அதையே அதன் பெருமையாகச் சொன்னார்கள்.

அப்படியென்றால் அது உலக வியாபாரத்தை மாற்றியதா? இல்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர்கள் 14 மாதங்கள் அதைக் கவனித்துப் பார்த்தார்கள். 6,600க்கும் அதிகமானோர் வந்து போயிருந்தும், ஒரு நாளில் ஏறத்தாழ 80 பேரே அங்கே இருந்தார்கள். தொடக்கத்தில் கணினியை இரவு பகலாக அணைக்காமல் வைத்திருந்தால்தான் கடை திறந்திருக்கும். பின்னர் அதைச் சீராக்கினார்கள். ஆனாலும் வாங்க ஆள் இல்லாத சந்தையில் இடவாடகை இல்லாததால் என்ன பயன்? இன்னொன்றும் இருக்கிறது. நடுவில் கம்பனி இல்லை என்றார்களே, மென்பொருளைச் செய்து, தேடலுக்கும் பணப்பைக்கும் உதவும் கணினிகளை நடத்தியது ஓபி1 என்ற கம்பனிதான். முதலீட்டாளர்கள் 2015இல் அதற்கு 10 இலட்சம் டொலர் கொடுத்திருந்தார்கள். கட்டணம் வாங்காததால் வருமானம் போதவில்லை. 2021 ஜனவரியில் அது சேவைகளை நிறுத்தியது.

இனி நாணயம். விலை இவ்வளவென்று தெளிவாக இருக்க வேண்டும் என்பது வியாபாரத்தின் நிபந்தனை. ஓபன்பஸாரில் டொலரில் விலை போட்டு, வாங்கும் நேரத்துப் பெறுமதிக்குப் பிட்கொயின் கொடுக்க முடிந்தது. அதுவரை சரி. ஆனால் பொதி தபாலில் போகும் வாரங்களில் பெட்டிக்குள் இருப்பது என்னவாகும்? 2017 டிசம்பர் நடுப்பகுதியில் ஒரு பிட்கொயின் 19,000 டொலருக்கு மேல் விலை போனது. 2018 பெப்ரவரி முதல் வாரத்தில் 7,000க்கும் கீழே இறங்கிவிட்டது. 40 டொலருக்கு அபாயா விற்றவள், பெட்டியைத் திறக்கும்போது 15 டொலருக்கும் குறைவாகக் காண்பாள். மாறாக விலை ஏறினால், வாங்கியவருக்குப் பொருளில் குறை கண்டுபிடிக்கும் ஆசை வரும். போதாததற்கு, அந்த 2017 டிசம்பரில் ஒரு பிட்கொயின் பரிமாற்றத்தின் சராசரிக் கட்டணமே 50 டொலரைத் தாண்டியது. டொலரோடு இணைத்த நாணயங்களால் இது தீரும் என்பார்கள். அப்படிச் சொல்லப்பட்ட டெரா நாணயம் 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் சரிந்து போனது.

ஆலிம்களிடையே இது பற்றி ஒரே முடிவு இல்லை. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷவ்கி அல்லாம் 2018 ஜனவரியில் பிட்கொயினைக் கூடாதென்றார். இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில், நாணயமாகப் பாவிப்பது ஹராம் என்றது. நிபந்தனைகளோடு அனுமதிப்போரும் உள்ளனர். என்னிடம் கேட்டால், குடும்பச் செலவுக்கு உழைக்கும் பெண் தன் கூலியை இத்தகைய 'கரர்' மீது வைப்பதை நான் விரும்பமாட்டேன். நமது நாட்டு மத்திய வங்கியும் 2021இலும் 2022இலும் இந்நாணயங்களின் ஆபத்தைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்திருந்தது.

கடைசியாக அந்த ஆள். நான் அந்தத் தாயிடம் திருப்பிக் கேட்டனுப்பினேன்: "கடை போட எவ்வளவு கேட்டார்கள்? உங்களுக்குக் கீழே ஆள் சேர்க்கச் சொன்னார்களா?" ஆம், இரண்டு பேரைச் சேர்த்தால் பங்கு உண்டு என்றார்களாம். தைத்த அபாயாவை எங்கே காட்டுவது என்று கேட்டதற்கு, அது பிறகு பார்க்கலாம் என்றார்களாம்.

சகோதரிகளே, உண்மையான ஓபன்பஸாரில் கடை போட ஒரு சதமும் கேட்கவில்லை, ஆள் சேர்க்கவும் சொல்லவில்லை. இது பிரமிட் முறை. வங்கிச் சட்டத்தின் கீழ் இங்கே குற்றம், மார்க்கத்திலும் பிறர் பணத்தை வீணாக உண்பதுதான். வளையல்களை விற்க வேண்டாம் என்று அன்றே சொல்லியனுப்பினேன். விற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். சேர்ந்துவிட்ட அவருடைய மச்சி ஒருவர் கொடுத்த பணத்தைக் கேட்டு அலைகிறாராம். ரசீதையும் போனில் வந்த செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடச் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தாய் காகிதத்தின் மறுபக்கத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: தைப்பதற்கு முன்பே முற்பணம் வாங்கலாமா, வாங்கிய பின் ஓடர் கொடுத்தவர் வேண்டாமென்றால் என்ன செய்வது? அதற்குத் தனியாக இடம் வேண்டும். அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ்.