டபுள்ஸ் ஏறுமா?

மலைப்பக்கம் சைக்கிள் மிதிக்க நல்ல ரோடு எது என்று யாரைக் கேட்டாலும் கொண்டை ஊசி வளைவுக் கணக்கில்தான் பதில் வருகிறது. ஏலகிரி 14, ஏற்காடு 20, வால்பாறை 40, கொல்லிமலை 70. கணக்கு ஏற ஏற மிதித்தவருக்கு மவுசும் ஏறுகிறது. எழுபதையும் இறங்காமல் ஏறினேன் என்று டீக்கடையில் சொன்னால், பக்கத்து பெஞ்சுக்காரர் பன்னை டீயில் நனைத்தபடியே மறந்துவிடுகிறார்.

எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. வளைவு என்பது மலையேறுகிறவன்மேல் ரோடு போட்டவர் காட்டிய இரக்கம். ஏற வேண்டிய உயரத்தைக் குறைக்க முடியாது. தூரத்தைக் கூட்டலாம், அவ்வளவுதான். மலைச் சாலைகளுக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த விதிப்படி, செங்குத்தான மலையிலும் 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 8. அந்த வரம்புக்குள் அடக்கத்தான் ரோட்டை மடித்து மடித்துக் கொண்டுபோகிறார்கள். கொண்டை ஊசி திரும்புகிற சில மீட்டரில் சரிவு 40க்கு 1ஐத் தாண்டக் கூடாது என்றும் விதியில் இருக்கிறது. போட்டோவில் பயமுறுத்துகிற அந்த இடம்தான் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் ரோட்டின் இடப்பக்கம் போகிறவர்கள். ஏறும்போது வலது பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம் கிடைக்கும், கால் லேசாகும். இடது பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டம்தான் நம் பங்கு. அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏறியாக வேண்டும். கியரை முன்கூட்டியே இறக்காதவர்கள் தரையில் கால் ஊன்றுவது பெரும்பாலும் அங்கேதான்.

முழங்காலைப் பதம் பார்ப்பவை வளையாத ரோடுகள். மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, மேலே தெரிகிற பத்து வீட்டுக்கு நேராக ஏறுகிற சிமெண்ட் ரோடு இருக்கிறதே, அது. எந்த விதிக்கும் கட்டுப்படாதது. தார் போட்டால் ஒரு மழைக்குத் தாங்காது என்றுதான் அங்கே சிமெண்ட் போடுகிறார்கள். சரிவு மிக மோசமான துண்டில் டயர் வழுக்காமலிருக்கக் குறுக்கே கோடு கோடாகக் கீறி விட்டிருப்பார்கள். அந்தக் கீறலைப் பார்த்ததும் நான் இறங்கித் தள்ளத் தொடங்கிவிடுவேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

புது மலைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது, இந்த ரோட்டை யாருக்காகப் போட்டார்கள் என்பதைத்தான். காபி மூட்டையை மாட்டுவண்டியில் இறக்கப் போட்ட பழைய எஸ்டேட் ரோடு என்றால் ஏற்றம் நிதானமாக இருக்கும்; மாடு ஏறாத ரோட்டால் தோட்டக்காரருக்கு லாபமில்லை. அரசு பஸ்ஸுக்காகப் போட்டது என்றால் சமாளித்துவிடலாம். டூரிஸ்டுகளுக்காக அகலப்படுத்தியது என்றால் ரோடு வழவழப்பு, ஞாயிற்றுக்கிழமை நரகம். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற கார்கள் வளைவில் ஹாரன் அடித்தே சைக்கிளை ஓரம் கட்டிவிடும். பொக்லைனும் டிராக்டரும் போகப் போட்ட ரோட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

யாருக்காகப் போட்டது என்பதை ரோடே சொல்லும். கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கறுப்போ நீலமோ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. சைக்கிள்காரருக்கு மஞ்சள் ஆகாது. பச்சை அதிகாலையில் பரவாயில்லை. கறுப்புத் தலையும் ஆரஞ்சுத் தலையும் நம்முடையவை. 2000இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், மலைப்பகுதியில் 250 பேர் இருந்தாலே அந்த ஊருக்கு ரோடு உண்டு. அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டர்; எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று ஓரம் இறங்க வேண்டும். வேகமாகப் போக நினைக்கிறவர்களுக்கு அந்த அகலம் பிடிக்காது. எனக்குப் பிடித்திருப்பதும் அதனால்தான்.

எங்கள் பக்கத்து ஜவ்வாது மலை இந்தப் பரீட்சை எல்லாவற்றிலும் தேறுகிறது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டம் பங்கு போட்டுக்கொண்ட மலை. ஏலகிரிக்குப் போகிற கூட்டத்தில் கால்வாசிகூட இங்கே வருவதில்லை. கோடை விழா நாட்களையும் பீமன் அருவியில் தண்ணீர் கொட்டுகிற ஞாயிறுகளையும் விட்டுவிட்டால், ரோடு மலைக்காரர்களுடையது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறலாம். போளூரிலிருந்து ஏறலாம். அமிர்தி பக்கமும் வழி உண்டு. எல்லா ரோடும் பஸ் போகிற ரோடு.

காவலூர் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வானத்தைப் பார்க்க அங்கே தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். 1986இல் வைணு பாப்பு பெயரைச் சூட்டிய ஆய்வகம், 2.3 மீட்டர் கண்ணாடி. நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு ஊர் வெளிச்சம் ஆகாது. அவர்கள் தேடிப்பிடித்து உட்கார்ந்த இடத்தில் பெரிய ஊர் இருக்காது, பெரிய ஊர் இல்லாத இடத்தில் வண்டி இருக்காது என்று கணக்குப் போட்டுத்தான் நான் அந்தப் பக்கம் முதலில் சைக்கிளைத் திருப்பினேன். கணக்கு சரியாகவே இருந்தது. அதே காரணத்தால், பொழுது சாய்ந்த பிறகு அந்த ரோட்டில் கண்ணுக்குக் கை தெரியாது. நாலு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. ‘மேலே ஏறிட்டா அப்புறம் சமதளம்தான்’ என்று மலையடிவாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். மேலே இருப்பது கசங்கிய போர்வை. செய்யாறு பிறக்கிற மலை இது. நாலு கிலோமீட்டருக்கு ஒரு ஓடை. ஒவ்வொரு ஓடைக்கும் ரோடு இறங்கி, தரைப்பாலத்தைத் தாண்டி, மறுபடி ஏறும். இறங்குகிற சுகம் ஒரு நிமிடம், ஏறுகிற பாடு ஐந்து நிமிடம். இப்படிச் சில்லறை சில்லறையாக ஏறியதைக் கூட்டினால் அடிவாரத்திலிருந்து ஏறிய உயரத்துக்குக் குறையாமல் வந்து நிற்கும். நடுவே ஆறுதலாக ஒன்று உண்டு. ஊரின் தண்ணீர்த் தொட்டி எப்போதும் அந்த ஊரின் உச்சியில்தான் நிற்கும். தொட்டி கண்ணில் பட்டுவிட்டால் ஏற்றம் அதற்கு மேல் போகாது.

இதையெல்லாம் வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள முடியாதா என்றால், ஓரளவு முடியும். என் சைக்கிள் கூட்டாளி ஓய்வுபெற்ற சர்வேயர். அவருக்கு போன் மேல் மரியாதை கிடையாது, சர்வே ஆப் இந்தியா வரைபடம்தான் வேதம். 1:50,000 அளவு. 2017 முதல் அதை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். பழுப்பு நிற உயரக்கோடு ஒவ்வொன்றும் 20 மீட்டர் உயரம். “ரோட்டு மேல ஒரு நூலை வெச்சு அளங்க தம்பி. ஒரு சென்டிமீட்டருக்குள்ள ஒரு கோட்டைத் தாண்டுச்சுன்னா நூத்துக்கு நாலு, பேசிக்கிட்டே ஏறலாம். ரெண்டைத் தாண்டுச்சுன்னா எட்டு, பேச்சு நின்னுடும்” என்பார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகிற மலை ரயில் பல்சக்கரத்தைத் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டு ஏறுகிறதே, அதன் உச்சபட்ச சரிவு ஏறக்குறைய 12க்கு 1. அதுவும் எட்டுதான். ரயிலுக்கே பல் தேவைப்படுகிற இடத்தில் நாம் வெறும் டயரோடு போகிறோம் என்பது அவர் வாதம்.

போனில் வரும் ஏற்ற இறக்கப் படத்தை நான் அவர் அளவுக்கு வெறுப்பதில்லை. ஆனால் அது எங்கே பொய் சொல்லும் என்று தெரிந்திருக்க வேண்டும். செயலிகள் பலவும் செயற்கைக்கோளும் விண்வெளி ஓடமும் அளந்த உயரத்தை 30 மீட்டர், 90 மீட்டர் கட்டங்களாக வைத்திருக்கின்றன. மலைச்சரிவில் வெட்டிய ரோட்டில் ஒரே கட்டத்துக்குள் ரோடும் இருக்கும், தலைக்கு மேல் பாறையும் இருக்கும், காலுக்குக் கீழே பள்ளமும் இருக்கும். அது எல்லாவற்றுக்கும் சராசரி போட்டுவிடும். படத்தில் 18, 20 என்று ரம்பப் பல் மாதிரி குத்தி நிற்பதெல்லாம் பாதி அப்படி வந்தவை. பஸ் போகிற ரோட்டில் அப்படிக் காட்டினால் பயப்பட வேண்டாம். பஸ் போகாத ரோட்டில் காட்டினால் பயப்படுங்கள்.

வரைபடமும் போனும் சொல்லாததை ஆளிடம்தான் கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கார்க்காரருக்கு மேடு தெரியாது; காலை அழுத்தினால் போகிறது. புல்லட்காரருக்கு மேடு பெருமை. நடந்து போகிறவருக்கு எல்லாமே ‘இதோ பக்கத்துலதான்’. மலைரோட்டின் சரிவை உடம்பால் அறிந்தவர் டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுகிறவர்தான். பின்னால் பால் கேனோ, பலாப்பழ மூட்டையோ, கட்டிய பெண்டாட்டியோ இருக்கும். வண்டி எங்கே முனகும், எங்கே நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அவரிடமும் ‘மேடு ஜாஸ்தியா’ என்று கேட்கக் கூடாது. நம் வயதையும் தொப்பையையும் பார்த்து, போகாதே என்றுதான் சொல்வார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, டபுள்ஸ் ஏறுமா?”

ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு பிரிவில் அப்படி ஒருவரை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் சாமை மூட்டை. காலை ஊன்றி, இன்ஜினை அணைத்துவிட்டு யோசித்தார். “புளியமரம் வரைக்கும் ஏறும். அப்பால ஓடை இருக்குது. ஓடை ஏறுற இடத்துல மட்டும் வீட்டுக்காரி எறங்கிக்கும். அது நடக்கறதுக்குள்ள நான் மேல போயி நின்னுக்குவேன். மழை பேஞ்சிருந்தா நானும் எறங்கித் தள்ளுவேன்.” இதைவிடத் துல்லியமான ஏற்ற இறக்கப் படத்தை எந்தச் செயலியும் எனக்குக் காட்டியதில்லை. புளியமரமும் இருந்தது, ஓடையும் இருந்தது, வீட்டுக்காரி இறங்குகிற இடமும் இருந்தது. அங்கே நானும் இறங்கினேன்.

எந்த மலையிலும் எனக்கு ஒரு வரையறை உண்டு. யானை நடமாட்டம் உள்ள ரோட்டில் சைக்கிள் வேண்டாம். திம்பம் மலைப்பாதை 27 வளைவு, பார்க்கப் பிரமாதம். ஆனால் அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிற தேசிய நெடுஞ்சாலை. இரவில் வண்டி போக 2022இல் உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்த பாதை. அந்த ரோட்டில் கரும்பு லாரிக்காகக் காத்து நிற்கிற யானைகள் உண்டு. லாரி வருவது யானைக்குக் கேட்கும். சைக்கிள் வருவது கேட்காது. வளைவில் திடீரென்று எதிரே நிற்பதை இருவருமே விரும்ப மாட்டோம்.

அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. தார் ரோட்டிலேயே சாமையும் கேழ்வரகும் காயும். பாதி ரோட்டைத் தானியம் எடுத்துக்கொள்ளும், சுற்றிக் கல் அடுக்கியிருப்பார்கள். இறக்கத்தில் வேகமாக வந்து அதன் மேல் ஏற்றினால் சைக்கிள் வழுக்கும், அவர்கள் உழைப்பும் சிதறும். ஆகவே இறக்கத்திலும் இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்தபடிதான் வர வேண்டும். ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் தொடர்ந்து ஒன்றையே அழுத்தினால் ரிம் சூடேறி ட்யூபுக்கே ஆபத்து.

சரி, ஜவ்வாது மலையைக் குறுக்கே கடக்க எந்தத் திசையில் போவது என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இதில் எனக்கும் சர்வேயர் அண்ணனுக்கும் தீராத வழக்கு. ஆலங்காயத்தில் தொடங்கிப் போளூரில் முடித்தால் கிழக்கே போகிறோம். காலை முழுக்க வெயில் கண்ணில். அதனால் போளூரில் தொடங்கு, வெயில் முதுகில் விழட்டும் என்பது அவர் கட்சி. வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொள்ளலாம், எதிர்காற்றுக்கு என்ன போடுவது என்பது என் கட்சி. ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. அந்த மாதங்களில் ஆலங்காயத்தில் தொடங்கினால் மேலே வெட்டவெளியில் காற்றே தள்ளிக்கொண்டு போகும். தை மாதம் காற்று திரும்பிவிடும். அப்போது அவர் சொல்கிறபடி போளூரில் தொடங்கலாம், வெயிலும் காற்றும் முதுகுப்பக்கம். ஆலங்காயம் பக்கம் வாணியம்பாடியிலும், இந்தப் பக்கம் போளூரிலும் ரயில் நிலையம் இருப்பதால், எந்தப் பக்கம் முடித்தாலும் வந்த வழியே மறுபடி மிதித்துத் திரும்ப வேண்டியதில்லை. இப்போது ஆடி. அண்ணன் தொப்பி வாங்கிவிட்டார்.