கையடக்க விளையாட்டுக் கணினி வாங்கலாமா?



அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது ஓர் இளைஞர் எம்மைத் தேடி வந்தார். சிறு வயதில் எம்மிடம் மக்தபில் ஓதியவர். இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். திருவல்லிக்கேணியில் நண்பர்கள் இருவருடன் ஓர் அறையில் தங்கியிருக்கிறார். நலம் விசாரித்து முடிந்ததும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "ஹஜ்ரத், இது வாங்கலாமா? கூடுமா, கூடாதா?" என்று கேட்டார்.

படத்தில் இருந்தது கையடக்க விளையாட்டுக் கணினி. நடுவில் ஏழு அங்குலத் திரை, இரு புறமும் பிடிகளும் பொத்தான்களும் கட்டைவிரலால் அசைக்கும் சிறு குமிழ்களும். பார்வைக்குப் பிள்ளைகளின் வீடியோ கேம் பெட்டி போலத் தோன்றினாலும் உள்ளே இருப்பது முழுமையான கணினி. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில் வெளிவந்த பிறகு இவ்வகைக் கருவிகள் பெருகின. 2023இல் ஆசஸ் நிறுவனத்தின் ரோக் அலை நம் நாட்டிற்கு வந்தபோது அதன் விலை 69,990 ரூபாய். தம்பி காட்டியது அதைத்தான். எமது ஐந்து மாதச் சம்பளம் அது. அந்தக் கணக்கு மனத்தில் ஓடியதும் "கூடாது" என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தம் சம்பளத்தை அளவுகோலாக வைத்து மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

நாக்கை அடக்கிக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் மற்றொரு மாணவர் இதே போன்ற கேள்வியுடன் வந்தார். கணினியில் விளையாடலாமா என்றார். என்ன விளையாட்டு, எந்த நேரத்தில், எவருடைய பணத்தில் என்று எதையும் கேளாமல் "ஹராம்" என்று ஒரே சொல்லில் முடித்து அனுப்பினோம். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். விளையாட்டை விட்டாரா என்றால், இல்லை. எம்மிடம் கேட்பதைத்தான் விட்டார். பிறகு அவர் வட்டிக்குக் கடன் வாங்கி வண்டி எடுத்த செய்தி பிறர் வாயிலாக எமக்கு வந்தது. கேட்டிருந்தால் வேறு வழி காட்டியிருக்கலாம். கேட்கும் வாசலை அடைத்தவர் நாமே.

ஆகவே இம்முறை, "உட்காருங்கள் தம்பி, பேசுவோம்" என்றோம்.

முதலில் விளையாட்டு என்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். மார்க்கம் விளையாட்டை வெறுக்கிறது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் நின்று பார்த்த செய்தி புகாரியில் உள்ளது. நபியவர்கள் தம் துணைவியாருடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும், வீட்டிற்குப் போனதும் மனநிலை மாறிவிடுகிறதே என்று வருந்திய ஹன்ளலா (ரலி) அவர்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு என்று ஆறுதல் கூறியதும் ஹதீஸ்களில் பதிவாகியுள்ளன. நமது ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் சதுரங்கம் பற்றிய பாடம் இங்கே நேராகப் பொருந்தும். பகடையை நம்பி ஆடுவது தடை. சிந்தனையை நம்பி ஆடும் சதுரங்கம் மக்ரூஹ். அதில் பந்தயப் பணம் நுழைந்தாலோ, தொழுகை நேரம் தவறினாலோ அதுவும் ஹராம். நம் இமாம்கள் பலகையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. பலகையைச் சுற்றி என்ன நடக்கிறது என்றும் பார்த்தார்கள்.

கருவி ஒரு பாத்திரம். அதில் என்ன ஊற்றப்படுகிறது என்பதே கேள்வி. ஆபாசம் நிறைந்தவற்றைப் பற்றி விளக்கம் தேவையில்லை. பலர் கவனிக்காதது, விளையாட்டுக்குள் விற்கப்படும் அதிர்ஷ்டப் பெட்டிகளை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பணம் கொடுத்துத் திறக்க வேண்டும். நல்ல ஆயுதமும் வரலாம், ஒன்றுக்கும் உதவாததும் வரலாம். சில விளையாட்டுகளில் உள்ள இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இல் அறிவித்தது. மார்க்கம் அறியாத நாட்டார் அதைச் சூது என்று கண்டுகொண்டிருக்க, கிமார் பாடத்தை ஓதிய நம் பிள்ளைகள் வாப்பாவின் வங்கி அட்டையில் அதைத் திறந்துகொண்டிருக்கிறார்கள். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நம் நாட்டுச் சட்டமே 2025இல் தடை செய்துவிட்டது. அவற்றைப் பற்றித் தனியாக மஸ்அலா கேட்க வேண்டியதில்லை.

தம்பிக்கு இவை தெரிந்திருந்தன. தாம் விளையாட விரும்புவது ஒருவரே ஆடும் கதை விளையாட்டுகள், கார்ப் பந்தயம், கட்டடம் கட்டும் விளையாட்டுகள் என்றார். நல்லது. "பணம்?" என்றோம்.

"நோ காஸ்ட் இஎம்ஐ ஹஜ்ரத். ஆறு மாதத் தவணை. வட்டியே கிடையாது."

இந்த இடத்தில்தான் நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. வாசகர்களில் பலரும் குளிர்சாதனப் பெட்டியும் கைப்பேசியும் இவ்வழியில் வாங்கியிருப்பீர்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம். பொருளின் விலை 70,000 என்று கொள்வோம். வங்கி ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி விதிக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆறு மாதத்திற்கு வட்டி ஏறக்குறைய 2,960 ரூபாய் வருகிறது. விற்பவர் அந்தத் தொகையை முதலில் தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார். மீதமுள்ள 67,040 ரூபாய் வங்கி தரும் கடனாகிறது. அந்தக் கடனுக்கு வட்டி சேர்த்துத் திருப்பிச் செலுத்தும்போது கூட்டுத்தொகை மீண்டும் 70,000. நம் கண்ணுக்கு வட்டி தெரிவதில்லை. ஆனால் வங்கியின் மாதாந்திர அறிக்கையில் வட்டி என்ற பெயரிலேயே அது பதிவாகிறது. அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனியே வசூலிக்கப்படுகிறது. இல்லாத ஒன்றின் மீது எந்த அரசும் வரி போடாது! பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை என்று ரிசர்வ் வங்கியும் 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியது.

"நான் விலைக்கு மேல் கொடுக்கவில்லையே" என்றார் தம்பி. நியாயமான கேள்விதான். ஆனால் வட்டி வாங்குபவர் மட்டுமல்லர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். நம் பெயரில் வட்டிக் கடன் ஒப்பந்தம் ஒன்று எழுதப்படுகிறது. அதன் சுமையைத் தள்ளுபடி ஈடுசெய்கிறது என்பதால் ஒப்பந்தத்தின் தன்மை மாறிவிடாது. ஒரு தவணை தவறினால் அபராத வட்டி ஏறுவதே அதற்குச் சான்று. இதில் வேறு விதமாகக் கருதும் ஆலிம்களும் இருக்கலாம். எமது மனம் இதில் அமைதி கொள்ளவில்லை. கடைக்காரரே வங்கியின் தலையீடின்றித் தவணைக்குக் கொடுத்து, விலையை ஒப்பந்தத்தின்போதே உறுதிசெய்து, தாமதத்திற்கு அபராதம் போடாவிட்டால் அது கூடும். ரொக்க விலையைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பெரும்பாலான இமாம்களிடம் கூடும். நம் ஊர்த் துணிக்கடைகளில் பாட்டன் காலத்தில் நடந்தது அதுதான். இப்போது அப்படிக் கொடுப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அப்படியானால் பழைய கருவியைக் குறைந்த விலையில் ரொக்கத்திற்கு வாங்குவதா? இதற்கு நாம் தடை சொல்லவில்லை. மாறாக ஊக்கமே கொடுத்தோம். ஆனால் இக்கருவிகளில் கட்டைவிரல் குமிழ்கள் தேய்ந்து, தொடாமலே திரையில் உருவம் நகரும் பழுது உண்டு. மின்கலமும் நாளடைவில் தளரும். புதிதாக இருக்கும்போதே கனமான விளையாட்டு ஆடினால் இரண்டு மணி நேரம் தாங்காது, அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்திற்குப் போதாது. தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து விற்றவரை நபியவர்கள் கண்டித்த வரலாறு பழைய கருவி விற்பவருக்கும் உரியது. வாங்குபவர் மூன்று நாள் வரை திருப்பித் தரும் உரிமையை நிபந்தனையாகப் பேசி வாங்கலாம். கியாருஷ் ஷர்த் என்று ஃபிக்ஹில் ஓதினோமே, அதைத் தேர்வுத்தாளில் எழுதியதோடு மறந்துவிட்டோம். ஸ்டீம் டெக் நம் நாட்டில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வராததால், துபாயிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லி அனுப்புபவர்களும் உண்டு. தாராளமாகச் சொல்லி அனுப்பலாம். சுங்கத்தில் மறைத்துக் கொண்டுவரச் சொல்வதுதான் கூடாது. மாட்டிக்கொண்டு தலைகுனிபவர் மச்சான்.

அடுத்து நேரம். மேசைக் கணினி மேசையிலேயே இருக்கும். எழுந்து போனால் விட்டுப் போகலாம். இதுவோ படுக்கைக்குக் கூடவே வரும். இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபியவர்கள் விரும்பவில்லை என்பதை ஓதியிருக்கிறோம். அந்த ஒழுங்கின் பயன் ஃபஜ்ரில் தெரியும். இரவு ஒரு மணிக்கு வைத்துவிட்டுப் படுத்தவர் ஐந்து மணிக்குப் பள்ளியில் நிற்பது கடினம். எனினும் இக்கருவியில் ஒரு நன்மையையும் கண்டோம். தனியாக ஆடும் விளையாட்டை ஒரு பொத்தானை அழுத்தி அப்படியே உறங்க வைக்கலாம். திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பாங்கு சொன்னால் எழ முடியும். இணையத்தில் குழுவாக மோதும் ஆட்டங்களில் அது முடியாது. நடுவில் எழுந்தால் தோழர்கள் தோற்பார்கள் என்று மஃரிபைத் தள்ளிப்போடும் பிள்ளைகளை நாம் கண்கூடாகப் பார்க்கிறோம். ஆகவே எங்களிடம் கேட்பவர்களுக்கு நாம் வைக்கும் முதல் அளவுகோல் இது: பாங்கு கேட்டதும் நிறுத்த முடிகிற விளையாட்டா? விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாத நிலையை உலக சுகாதார நிறுவனமும் நோய்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதன் அடையாளங்களில் ஒன்று, மற்ற கடமைகளைவிட விளையாட்டு முன்னுக்கு வந்துவிடுவது.

"இதில் விசைப்பலகையும் பெரிய திரையும் இணைத்தால் வேலைக்கும் படிப்புக்கும் பயன்படும் ஹஜ்ரத்" என்று தம்பி சொன்னபோது எமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது உண்மைதான், இணைக்கலாம். ஆனால் அவரிடம் நிறுவனம் கொடுத்த மடிக்கணினி ஏற்கெனவே இருக்கிறது. விளையாட வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமன்று. அதைப் படிப்பு என்று பெயர் மாற்றி அழைத்து நம்மையே ஏமாற்றிக்கொள்வதுதான் நிய்யத்தைக் கெடுக்கிறது. அவரும் சிரித்தார்.

எழும்போதுதான், பேச்சோடு பேச்சாக, "ஊரில் வேறு செலவு ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டோம். சற்று நேரம் தரையைப் பார்த்தார். தங்கையின் திருமணத்திற்கு வாப்பா வாங்கிய கைமாற்றில் இன்னும் 40,000 ரூபாய் பாக்கி என்றார். "ஆனால் அது வாப்பாவின் கடன் ஹஜ்ரத். மாதம் 15,000 வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். மிச்சம் என்னுடைய பணம்தானே?"

சட்டப்படி அவர் சொன்னது சரியே. தந்தையின் கடன் உயிரோடிருக்கும் தந்தையின் பொறுப்பு. மகன் அடைக்கவில்லை என்பதற்காக அவர் பணத்தில் வாங்கும் பொருள் ஹராமாகிவிடாது. இதையும் மறைக்காமல் அவரிடம் சொன்னோம். இல்லாத தடையை ஏற்படுத்திச் சொல்வதும் மார்க்கத்தில் பொய்தான். ஆனால் கைமாற்றுக் கொடுத்தவர் எதிரே வரும்போது வாப்பா எந்தத் தெரு வழியாகப் பள்ளிக்குப் போகிறார் என்பதை ஒரு நாள் உடன் நடந்து பார்க்குமாறு சொன்னோம். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். முன்னவரைப் போல இவரும் இனிக் கேட்க வரமாட்டாரோ என்ற கவலை எமக்கு அன்று இரவு முழுவதும் இருந்தது.

மூன்று வாரம் கழித்துச் செய்தி அனுப்பியிருந்தார், அல்ஹம்துலில்லாஹ். வாப்பாவிடம் 20,000 கொடுக்கப் போனாராம். வேண்டாம், உன் செலவுக்கு வைத்துக்கொள் என்று தள்ளிவிட்டாராம். "வேண்டாம் என்றால் விட்டுவிடலாமா?" என்று கேட்டிருந்தார். வாப்பாக்கள் அப்படித்தான் சொல்வார்கள், உம்மாவின் கையில் கொடுங்கள் என்று பதில் எழுதினோம். மறுநாள் இன்னொரு கேள்வி வந்தது. கருவிக்காக மாதம் 6,000 எடுத்துவைக்கத் தொடங்கியிருக்கிறாராம். ஏற்கெனவே கையில் உள்ள சேமிப்போடு அது சேர்ந்து ஓராண்டு நின்றுவிட்டால் ஸகாத் உண்டா?

உண்டு. 595 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டிய தொகை ஒரு சந்திர ஆண்டு முழுவதும் அவருடைய உடைமையில் இருந்தால், எந்த ஆசைக்காக எடுத்துவைத்திருந்தாலும் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். ஆண்டு நிறைவதற்கு முன்பே வாங்கிவிட்டால் செலவான பணத்திற்கு ஸகாத் இல்லை. சொந்தப் பயன்பாட்டுப் பொருள் என்பதால் கருவிக்கும் இல்லை. இதை எழுதி அனுப்பியதும், "அப்போ சீக்கிரம் வாங்கிடறதுதான் லாபமா ஹஜ்ரத்?" என்று சிரிப்புப் படத்தோடு பதில் வந்தது. அதற்கு நாம் இன்னும் பதில் அனுப்பவில்லை.